பெரிய சிஸ்டரின் மாமியாரும் குளியலறைச் சுவரும்

கட்டிட வேலை ஆரம்பித்த வாரம், பிளம்பர் மொட்டைமாடிக் குழாயில் அடைப்பை எடுத்ததும், கீழே வார்டில் ஓய்வுபெற்ற தபால்காரருக்கு நின்றுபோயிருந்த மூத்திரம் வந்தது. எலக்ட்ரீஷியன் பழைய வயரை மாற்றினார். ஜன்னலோரத்துத் தையல்காரருக்குக் கைநடுக்கம் நின்றது. இனிப் பிழைக்கமாட்டார் என்று மற்ற ஆஸ்பத்திரிகள் கைவிட்டவர்களை வலியில்லாமல் அனுப்பிவைக்கிற இல்லம் அது. அங்கே வேலை பார்க்கிற நர்ஸுகள் எதற்கும் அசருகிற ஜாதி இல்லை. ஷிப்ட் மாறும்போது, "தபால்காரர் நல்லா தூங்கினாரு, செப்டிக் டேங்க்கும் காலியாச்சு" என்று ஒரே மூச்சில் ஒப்படைத்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்கள். எப்போதாவது எட்டிப் பார்க்கிற டாக்டர், எல்லாம் தன் மாத்திரையின் மகிமை என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். யாரும் மறுக்கவில்லை. பாவம், அவருக்கும் ஒரு சந்தோஷம் வேண்டாமா?

மூலைப் படுக்கைக் கிழவிக்கு மட்டும் எந்த ரிப்பேரும் கேட்கவில்லை. எலும்புக்குள் புகுந்த வலி. ஊசி போட்டாலும் கொஞ்ச நேரம்தான். அவள் வேறு யாருமில்லை, நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான பெரிய சிஸ்டரின் மாமியார். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் கிழவி முனகும்போதெல்லாம் பெரிய சிஸ்டர் வேலையாட்களைத் தேடிப் போனாள். கதவுக் கீலுக்கு எண்ணெய் விடச் சொன்னாள், தாழ்வாரத்து ஓடுகளை மாற்றச் சொன்னாள், வாசப்படியைக்கூடப் பெயர்த்து வைக்கச் சொன்னாள். எதிர்ப்படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றார். கிழவி முனகிக்கொண்டேதான் இருந்தாள்.

அப்புறம் ஒருநாள் கொத்தனார் சட்டையை மாட்டுவதற்காக, வார்டுக்கும் குளியலறைக்கும் நடுவிலிருந்த சுவரில் ஆணி அடித்தார். "எந்தக் கட்டையில போறவன் என் விலாவுல ஆணி அடிக்கிறான்?" என்று கிழவி கத்தினாள். பதறிப்போய் ஆணியைப் பிடுங்கினார்கள், அவளுக்கு மூச்சு வந்தது. கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உள்ளே பூரா உளுத்துப் போச்சும்மா. பூசினா நிக்காது. இடிக்கத்தான் வேணும்."

வினை என்னவென்றால், அந்தச் சுவரை இடிக்கச் சொல்லி வருஷக்கணக்காக நச்சரித்ததே பெரிய சிஸ்டர்தான். அது இருக்கிறவரை சக்கர நாற்காலி குளியலறைக்குள் நுழையாது. நோயாளிகளை மூட்டை தூக்குவதுபோல் தூக்கிப்போய்க் குளிப்பாட்டி நர்ஸுகளுக்கெல்லாம் இடுப்பு போயிருந்தது. இப்போது அவளே சுவருக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சுவர் போனால் மாமியார் போய்விடுவாள். இருந்தால் மாமியார் துடிப்பாள். கான்ட்ராக்டர் தலையில் அடித்துக்கொண்டார். புருஷனிடம் கேட்டாள். "நீ பாத்து செய்," என்றார் அவர். வாழ்நாள் முழுக்க அவர் சொன்ன யோசனை அது ஒன்றுதான்.

கடைசியில் கிழவியே கூப்பிட்டாள். "இடிக்கச் சொல்லுடி."

"ஊர் என்னைத்தான் பேசும், அத்தை. மாமியாரை இடிச்சுத் தள்ளிட்டாள்னு."

"பேசட்டும். நான் பேசாததையா பேசிடப் போகுது? வலி தாங்கல. ஒரு தடவையாவது என் பேச்சைக் கேளு."

கொத்தனார் முதல் அடியை ஓங்கிப் போட்டுவிட்டார். கிழவி அலறியதில் பெரிய சிஸ்டர் சம்மட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அந்த இல்லத்தில், நினைவு தப்பிக் கிடக்கிறவரானாலும், என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார்கள். கொத்தனார் இதுவரை எந்தச் சுவரிடமும் அப்படிச் சொல்லிவிட்டு இடித்ததில்லை. பெரிய சிஸ்டரே உளியை எடுத்துக்கொண்டு, "மேல் வரிசை எடுக்கிறேன் அத்தை," "இப்ப இடது பக்கம்," என்று ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்தாள். நர்ஸுகள் வரிசையாக நின்று கை மாற்றிக் கொடுத்தார்கள். சுவர் இறங்க இறங்கக் கிழவியின் முகச்சுளிப்பு இறங்கியது. இடுப்பளவுக்கு வந்தபோது கால் நீட்டிப் படுத்தாள். முழங்காலளவுக்கு வந்தபோது, யாரும் பார்த்திராத சிரிப்பு ஒன்று சிரித்தாள்.

"இவ்வளவு லேசா இருக்கும்னு தெரிஞ்சிருந்தா உன்னை முன்னாடியே இடிக்க விட்டிருப்பேனே," என்றாள்.

"கடைசிக் கல், அத்தை."

"எடு. உனக்கும் கை வலிக்கும்."

எடுத்தாள். அவளுக்குக் கை வலிக்கும் என்று அந்த வீட்டில் யாரும் அதுவரை சொன்னதில்லை. கல்லை மடியில் வைத்துக்கொண்டு, பெற்ற தாய் போனதுபோல் வாய்விட்டு அழுதாள். கிழவி போயிருந்தாள்.

குளியலறைக்கு வழவழப்பில்லாத டைல்ஸ் போட்டார்கள். சக்கர நாற்காலி தங்குதடையில்லாமல் உள்ளே போய்வருகிறது. புது நர்ஸுகளுக்கு அங்கே சுவர் இருந்ததே தெரியாது. பெரிய சிஸ்டர் மட்டும் வெந்நீர் வாளியோடு போகும்போது அந்த இடத்தில் முழங்கையை இடித்துக்கொள்வாள், சிலநாள் சிராய்ப்புகூட இருக்கும். "கொஞ்சம் தள்ளிக்கங்க அத்தை," என்று சொல்லி வாளியைக் கை மாற்றிக்கொண்டு, இல்லாத சுவரைச் சுற்றிப் போவாள்.