மேலே இழுத்த ஏணி

வலது தோளிலிருந்து மணிக்கட்டு வரை விசாலிக்கு ஒரே எரிவு. விடிவதற்கு முன்பே இடியப்ப உரலைப் பிடித்து நானூறு இடியப்பம் பிழிந்த கை அது. இப்போது அதை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டு, பாலர் பாடசாலையின் சின்ன நாற்காலி ஒன்றில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். முழங்கால் நெஞ்சில் முட்டியது. பத்து மணிக்கு என்று சொன்ன கூட்டம் பதினொன்றாகியும் தொடங்கவில்லை.

பக்கத்தில் இருந்த றோஸி மூலையில் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளைக் கண்ணால் காட்டினாள்.

"ரோல்ஸ் மணக்குது புள்ள. நூறு பேருக்கு ரோல்ஸ் குடுக்கிறாங்க எண்டா நம்மக்கிட்ட என்னமோ எடுக்கப் போறாங்க."

"முதல்ல திண்டுட்டு யோசிப்பம் அக்கா."

கொட்டாஞ்சேனையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் சரிவில் அறுபது வீட்டுத் தோட்டம் அது. பெயர்தான் தோட்டம், வீட்டோடு வீடு ஒட்டியிருந்தது. சில வீடுகளின் மேல் பலகையடித்து இன்னொரு வீடு. கீழ்வீட்டுக்குக் கதவு இலக்கம் உண்டு. மேல்வீட்டுக்கு ஏணி மட்டும்தான். இருபத்தேழாம் இலக்கத்தில் கீழே றோஸி, மேலே ஒன்பது வருடமாக விசாலியும் அவள் புருஷன் யோகநாதனும். வாடகை றோஸியின் கைக்குப் போகும். ரசீதுத் துண்டு எழுதும் பழக்கம் இல்லை. இடியப்ப வேலை இருவருக்கும் பொது. விசாலி பிழிவாள், றோஸி தன் குசினியில் அவிப்பாள்.

கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெண் முன்னால் வந்தாள். பெயர் அகீலா, நகர அபிவிருத்திக் கந்தோரிலிருந்து வருவதாகச் சொன்னாள். சுவரில் பெரிய வரைபடம் ஒட்டியிருந்தது. கடல் நீலம். கடலோரமாக நடைபாதை, உட்கார வாங்குகள், வரிசையாக மரங்கள்.

"இது உங்கட திட்டம். நாங்க போடுறதில்ல, நீங்க போடுறது. பச்சை ஸ்டிக்கரை உங்களுக்கு என்ன வேணுமோ அதில ஒட்டுங்க. மஞ்சளை உங்கட வீடு இருக்கிற இடத்தில ஒட்டுங்க. ஒரு குடும்பத்துக்கு ஒரு மஞ்சள்."

ஓட்டோக்கார பௌஸி எழுந்து வரைபடத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"மிஸ், எங்கட வீடு இருக்கிற இடத்தில மரமல்லவா நிக்குது. மஞ்சளை மரத்திலயா ஒட்டுற?"

மண்டபம் சிரித்தது. அகீலாவும் சிரித்தாள். சிரித்தபடியே ஸ்டிக்கர்களைப் பங்கிட்டாள்.

விசாலி மஞ்சள் ஸ்டிக்கரை விரல் நுனியில் ஏந்திக்கொண்டு எழும்பினாள். றோஸி அவள் இடுப்பில் கிள்ளினாள்.

"இரு. ஒட்டாத."

"ஏன்?"

"ஒரு இலக்கத்துக்கு ரெண்டு மஞ்சள் விழுந்தா கேக்கமாட்டாங்களா? மேல கட்டினது களவுக் கட்டடம் எண்டு ரெண்டையும் வெட்டுவாங்க. கரண்ட்காரன் வந்தது மறந்திட்டுதா?"

மறக்கவில்லை. நான்கு வருடத்துக்கு முன் மின்சாரக்காரர்கள் வந்து மேல்வீடுகளுக்கு இழுத்த வயரையெல்லாம் அறுத்துப் போட்டார்கள். கீழ்வீட்டுக்காரர்களுக்குத் தண்டமும் விழுந்தது. அதன் பிறகு தோட்டத்தில் ஒரு வழக்கம் வந்தது. ஃபைலோடு யாராவது உள்ளே நுழைந்தால் பைப்படியில் நிற்கிறவள் வாளியில் மூன்று தட்டுத் தட்டுவாள். மேல்வீடுகள் ஏழும் ஏணியை மேலே இழுத்துக்கொள்ளும். ரேடியோ நிற்கும். கீழே நின்று பார்த்தால் பழைய சாமான் போட்டுவைத்த பரண் மாதிரித்தான் தெரியும்.

விசாலி உட்கார்ந்தாள். றோஸியின் மஞ்சள் மரத்தின் மேல் விழுந்தது. தன்னுடையதை விசாலி வீட்டுக்குக் கொண்டுபோய் ஏணியின் முதல் படியில் ஒட்டிவைத்தாள்.

இரண்டு கிழமை கழித்து, காலை ஒன்பதுக்கு வாளி சத்தம் கேட்டது. யோகநாதன் புறக்கோட்டையில் வெங்காய மூட்டை சுமக்கப் போயிருந்தார். விசாலி ஏணியை இழுத்துப் பலகையில் கிடத்தி, அதன் பக்கத்தில் குந்தினாள். கூரைத் தகரம் தலைக்கு மேல் ஒரு சாண். வியர்வை கண்ணுக்குள் ஓடியது. அந்த நேரம் பார்த்து இடியப்பம் எடுக்கும் வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடை முதலாளி போன் அடித்தார். போனைத் தொடைக்கு அடியில் போட்டு அமுக்கினாள். அது அவளைக் குடைந்து குடைந்து ஓய்ந்தது.

கீழே வீடுகளைக் கணக்கெடுக்க வந்த ஒருவன் சிங்களத்தில் மேலே யார் என்று கேட்டான்.

"உட இன்னே மகே புத்தா, மஹத்தயா," என்றாள் றோஸி. மேலே இருப்பது தன் மகன், பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறான், இப்போது வேலைக்குப் போயிருக்கிறான்.

விசாலிக்கு மூச்சு வந்தது. களவுக் கட்டடம் என்ற கதையே எழவில்லை. கதவில் இலக்கம் எழுதும் தூரிகை உரசும் சத்தம் கேட்டது. பெயின்ட் மணம் பலகை இடுக்கால் ஏறி வந்தது.

பின்னேரம் அரிசிமா வறுக்கும்போது, "நல்லாச் சமாளிச்சீங்க அக்கா," என்றாள்.

றோஸி தாச்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ம்," என்றாள்.

அடுத்த மாதம் பாலர் பாடசாலைச் சுவரில் பட்டியல் தொங்கியது. தோட்டத்தை உடைத்த பிறகு தரப்போகும் புதிய மாடிவீடு யார் யாருக்கு என்று பௌஸி சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு, றோஸி. இருபத்தேழு ஏ, ஹியூபேட்.

"அது ஆரு ஹியூபேட்?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"றோஸிட மகன். நத்தாருக்குக் கேக் தின்ன வருவானே, வத்தளையில பொண்டாட்டி வீட்டில இருக்கிறவன்," என்றார் பௌஸி.

மற்ற ஆறு மேல்வீடுகளும் பட்டியலில் இல்லவே இல்லை.

விசாலி மேசைக்குப் போனாள். அகீலா அவள் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விலாசம் தெமட்டகொடை என்றிருந்தது, கல்யாணத்துக்கு முன் இருந்த வீடு.

"மிஸ், இருபத்தேழு ஏ நான்தான்."

"சேர்வே நாள் வீட்டில ஆள் இல்ல எண்டு போட்டிருக்கே அன்டி."

"இருந்தன்."

"இருந்தா ஏன் கதைக்கல்ல?"

அகீலா ஒரு தாளை நீட்டினாள்.

"இது ஆட்சேபனை ஃபோம். பதினாலாந் திகதிக்குள்ள தாங்க. கீழ கோடு இருக்கே, அதில கதவு இலக்கக்காரர் ஸைன் பண்ணவேணும், நீங்க மேல இருந்தது உண்மை எண்டு. அது இல்லாட்டி நாங்க எடுக்க ஏலாது."

அன்றிரவு யோகநாதன் சுமை தூக்கிய முதுகைச் சுவரில் தேய்த்தபடி சொன்னார்: "கூட்டத்தில கிள்ளினாளே, அப்பவே அவ திட்டம் போட்டாச்சு."

"அப்ப அவ பயந்துதான் சொன்னா."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

தெரியாது. ஒன்பது வருடம் ஒரே அடுப்படியில் நின்றும் தெரியாது.

மறுநாள் உரலில் மாவை அடைத்தபடி விசாலி கேட்டாள். "அக்கா, ஒரு கையெழுத்து."

றோஸி தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். "ஹியூபேட் அந்த மாடிவீட்டில வந்து இருக்கப் போறானா? சும்மாதானே கிடக்கும். நீயே இரு. இப்ப தாற வாடகையைத் தந்தாக் காணும்."

"என்ட வீட்டுக்கு நான் வாடகை தாறதா?"

"என்ட கூரைக்கு மேல உன்ட வீடு எங்க இருந்து வந்தது?"

"பலகை வாங்கினது நாங்க. அடிச்சது யோகா. நீங்க கீழ நிண்டு ஆணி எடுத்துக் குடுத்தீங்க."

றோஸியின் கை நின்றது. ஆவி இருவருக்கும் நடுவே எழுந்தது.

"கேளு புள்ள. நான் ஸைன் பண்ணினா பொய் சொன்னன் எண்டு ஆகும். என்ட இருபத்தேழையும் சேத்து வெட்டுவாங்க. இந்த வயசில நான் எங்க போற? நாளைக்குப் பாப்பம்."

நாளைக்கும் அதைத்தான் சொன்னாள். அதற்கடுத்த நாளும் சொன்னாள். இடியப்பம் மட்டும் ஒரு நாளும் தவறாமல் வெள்ளவத்தைக்குப் போனது.

பதினாலாந் திகதி காலை வாளி சத்தம் கேட்டது. ஆறு ஏணிகள் மேலே போயின. விசாலி தன் ஏணியை இழுக்கவில்லை. இறங்கி, அதன் அடியில் ஃபோமோடு நின்றாள். முதல் படியில் ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கர் ஓரம் சுருண்டிருந்தது.

"ஏணியை இழு புள்ள! பைத்தியமா உனக்கு?" றோஸி உள்ளேயிருந்து அடித் தொண்டையில் கத்தினாள்.

இரண்டு பேர் ஒழுங்கைக்குள் வந்தார்கள். ஒருவன் பசை வாளி வைத்திருந்தான். இருபத்தேழின் கதவில் மாடிவீட்டுக் கடிதம் ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஹியூபேட்டின் பெயரில் இன்னொன்று ஒட்டினான். ஃபைல்காரன் ஏணியையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். இது யார் என்று சிங்களத்தில் கேட்டான்.

விசாலி வாயைத் திறந்தாள். அதற்குள் கதவுக்குள்ளிருந்து றோஸியின் குரல் வந்தது. இடியப்பம் பிழிய வருகிற பெண், மஹத்தயா. வேலைக்காரி.

"பொய், மஹத்தயா. நான் மேல இருக்கிறவ." விசாலி ஃபோமை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவன் வாங்கி, மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினான். விரல் வெறுங்கோட்டில் வந்து நின்றது. தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏணியைச் சுற்றி அடுத்த கதவுக்கு நடந்தான்.

றோஸி வெளியே வரவில்லை. உள்ளே அவள் தட்டுகளைக் கழுவும் சத்தம் கேட்டது. பசை இன்னும் காயாத கதவின் முன்னால் விசாலி நின்றாள். தாளின் அடியில் அந்தக் கோடு அப்படியே கிடந்தது. றோஸி அவளுக்குத் தரவேண்டியது ஒரு கையெழுத்து. அது இன்னும் பாக்கி.