ஏலக்காய்க் கடையின் முதல் பக்கம்

2002 மார்ச் ஐந்தாம் தேதி, காலை பதினொன்றே கால். தேனியில் நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரிலிருந்து, நானே வடிவமைத்த இணையதளத்தில் இருந்த எண்ணுக்கு முதல் தடவையாகப் போன் செய்தேன். லைன் பிஸி.

தளம், போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த சுந்தர்ராஜ் அண்ணாச்சியுடையது. நான் செய்த முதல் தளம். சித்திரைக்குள் வெளியூரிலிருந்து ஒரு போனாவது வராவிட்டால் எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். எடுத்துவிட்டால் போடி பஜாரில் வேறு யாரும் என்னிடம் தளம் கேட்க மாட்டார்கள்.

குறை வடிவமைப்பில்தான் என்று நினைத்தேன். திறந்ததும் ஒலித்த இசையை எடுத்தேன். ஓடிக்கொண்டிருந்த வரவேற்பு வரியை நிறுத்தினேன். படத்தைச் சிறிதாக்கினேன். எட்டு மில்லிமீட்டர் காய், ஏழு மில்லிமீட்டர் காய் என்று ரகங்களை மேலே கொண்டுவந்தேன். அதற்கும் மேலே, பெரிய எழுத்தில், கடையின் போன் எண். தளத்துக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ஆயிரத்து நானூற்றைத் தாண்டியது. ஒருவரும் கூப்பிடவில்லை.

அன்று மதியத்துக்குள் ஒன்பது தடவை முயன்றேன். பிஸி. போடி பஸ் ஏறினேன்.

கடை வாசலில் காய் சலித்துக்கொண்டிருந்த ராக்கையா என்னைப் பார்த்ததும் குரல் கொடுத்தார்.

“வா தாயி. மொதலாளி அங்கன பொட்டிக்குள்ள இருக்காக. கூப்புட்டா வெளிய வருவாகளான்னு பாரு.”

“நீ சலிக்கிறதப் பாருய்யா,” என்றார் அண்ணாச்சி, கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இங்கன வா ஷீலா. ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு. காலைல இருந்து மட்டும் முப்பது பேரு.”

பக்கம் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது. பச்சைப் பட்டை, எண், ரகங்கள், காய்க் குவியல். கடைசியில், குவியலுக்குப் பின்னால், வெள்ளைச் சட்டையில் அண்ணாச்சி. முழுதாக வர இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடமும் அவர் அசையவில்லை. ஒரு பக்கத்தை அப்படிப் பார்த்தவர்களை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை.

“இன்னைக்கு எத்தன தடவ தொறந்தீக?”

“மூடுனாத்தான தொறக்க? இந்தா, இத அமுக்குனா திரும்ப மொதல்ல இருந்து வரும்.”

அமுக்கினார். ஆயிரத்து நானூற்றுப் பதின்மூன்று.

கணினிக்குப் பின்னால் பார்த்தேன். மோடத்தின் ஒயர் கடைப் போனின் இணைப்பில் செருகியிருந்தது. கடைக்கு இருந்ததே அந்த ஒரு லைன். உள்ளூர் வியாபாரிகள் நேரில் வந்துவிடுவார்கள். அதனால் போன் அடிக்காதது யாருக்கும் உறைக்கவில்லை.

சொன்னேன். நெட்டில் இருக்கும்வரை யார் கூப்பிட்டாலும் பிஸி என்றுதான் வரும். எண்ணிக்கையில் பெரும்பங்கு அவரே.

ராக்கையா சிரித்தார். “அதான பாத்தேன். ஆயிரம் பேரு வந்து ஒருத்தங்கூட காய மோந்து பாக்கலையேன்னு.”

அண்ணாச்சி சிரிக்கவில்லை. பக்கத்தை மூடி, இணைப்பைத் துண்டித்தேன். டீ வந்தது. ஆறியது. மூன்றரைக்குப் போன் அடித்தது. கொச்சியிலிருந்து ஒருவர். நான்கு நாளாகக் கூப்பிடுகிறாராம். ஏழு மில்லிமீட்டர் காயில் மாதிரி கேட்டார். அண்ணாச்சி தனக்குத் தெரிந்த மலையாளத்தில் சமாளித்து விலாசம் எழுதிக்கொண்டார்.

போனை வைத்தபின் அவர் திரையைத்தான் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் லைனைப் போனுக்கே விட்டுவிட வேண்டும் என்றேன். தலையாட்டினார்.

“அது சரி ஷீலா. அப்ப நான் எப்பப் பாக்குறது?”