தீர்வை குறைந்த மண்

அஸ்திவாரக் குழியில் முழங்கால் ஆழத்திலேயே சிப்பி வந்தது. எல்லாம் வாய் திறக்காத முழுச் சிப்பிகள். கொத்தனார் நிமிர்ந்து தனசேகரைப் பார்த்தார். பிறகு குனிந்து மறுபடி தோண்டினார்.

மீஞ்சூரில் மனை வாங்கிய சக ஊழியர்கள் வரி ஏறுவதைச் சொல்லிப் புலம்புவதைக் கேட்டுக் கேட்டே ஓய்வுபெற்றவர் தனசேகர். எந்த இடத்தைப் பார்த்தாலும் அவருடைய முதல் கேள்வி நிலத் தீர்வை எவ்வளவு என்பதுதான். பசியாவரத்துக்கு எதிரே ஏரிக்கரையில் இந்தத் தரிசைக் காட்டிய தரகர், வருஷத்துக்கு ஒரு டீக்காசு என்றார். பட்டா சரியாக இருந்தது. பி.எஃப். பணம் மொத்தத்தையும் போட்டுவிட்டார். ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கத் தோன்றவில்லை. மரமில்லாத வெளுத்த மண்; ஒரு பறவைகூட இறங்காத அமைதி. அது அவருக்குப் பிடித்திருந்தது.

மத்தியானம் பக்கத்து மீனவர் குப்பத்துப் பஞ்சாயத்தார் ஜெகதீஸ்வரன் வந்தார். கூடவே கருவாட்டுக் கூடையோடு குப்பம்மா. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் மூடி இரண்டு வருஷமாகிறது, கடல்தண்ணீர் வராமல் ஏரியில் இறால் செத்துப்போனது, நாளைக் காலையில் ஊர் கூடி மணலை வெட்டப்போகிறது என்றார் ஜெகதீஸ்வரன்.

"தலக்கட்டுக்கு ஒரு ஆளு சார். நீங்களும் இப்ப நம்மூரு தலக்கட்டுதான்."

தன்னையும் ஊரில் ஒருவனாக எண்ணிவிட்டார்களே என்று தனசேகருக்கு நெஞ்சு நிறைந்தது. வெட்டினால் தண்ணீர் எதுவரை வரும் என்று பேச்சுக்குக் கேட்டுவைத்தார். ஜெகதீஸ்வரன் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். குப்பம்மாதான் வாய் திறந்தாள்.

"பழைய எடத்துக்கு வந்துடும். தோ, நீ குழி எடுக்கிற எடத்துலதான் எங்க நைனா கழி நட்டு வலை கட்டும்."

"பட்டா நிலம்மா இது. தீர்வை கட்டியிருக்கேன்."

"கட்டு சார், யாரு வேணாம்னா? தண்ணிக்குத் தெரியுமா அது?"

வெட்டாமல் விட முடியாதா என்று கேட்டார் தனசேகர்.

"வெட்டலன்னா நாங்க இன்னாத்த துன்றது சார்?" என்றார் ஜெகதீஸ்வரன். அதில் கோபம் இல்லை. அதுதான் தனசேகரைப் பயமுறுத்தியது.

விடிந்ததும் மணல்மேட்டில் ஊரே வரிசை கட்டி நின்றது. தனசேகரும் போயிருந்தார். போகாமல் இருந்தால் ஏதாவது மாறுமா என்று யோசித்துக்கொண்டே நடந்து வந்திருந்தார். யாரோ அவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, வரிசையில் இடம் விட்டார்கள். மண்வெட்டிச் சத்தமும், ஒரு பக்கம் அலையும் மட்டும். வெயில் ஏறியபோது கடைசி மணல் தானாகச் சரிந்தது. பழுப்பு நுரையோடு கடலின் நாக்கு ஒன்று உள்ளே வந்து, கால்களை நக்கி, அவசரமில்லாமல் மேற்கே, தனசேகரின் மனைப் பக்கம் திரும்பியது. எல்லோரும் அதற்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

தனசேகரும் ஒதுங்கினார்.