பூனை பிடிக்கிற அண்ணி

எங்கள் ஸ்டூடியோவில் பின்னணி ஓவியர்களின் பெயரைப் படத்தில் போடுவதில்லை. அதனால் அவர்கள் ஆளுக்கொரு பூனையை ஓவியத்துக்குள் ஒளித்துவைப்பார்கள். அதுதான் கையெழுத்து. அந்தப் பூனைகளைத் தேடிப் பிடித்து அழிக்க வைப்பது என் உத்தியோகம். இந்த லட்சணத்தில் என் நாத்தனாரும் அங்கே ஓவியர்.

அப்போது எடுத்துக்கொண்டிருந்த அனிமேஷன் படம் முழுக்க எண்ணெய் வண்ண ஓவியமாகவே நகரும். “இது ஓவியக் கலைக்கு அஞ்சலி, பூனைக்கு இல்ல. ஒண்ணு தப்பிச்சாலும் நீங்க வீட்டுக்குப் போயிடலாம்” என்று டைரக்டர் சொல்லியிருந்தார். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒவ்வொரு ஓவியத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி அலசிவிட்டுத்தான் அடுத்த கட்டம். தபால்காரர் பைக்குள் ஒன்று, பழக்கூடைக்குள் ஒன்று என்று மாட்டிக்கொண்டே இருந்தன. நாத்தனாரின் பூனைக்கு இடது காது பிளந்திருக்கும். எங்கள் வீட்டுப் பூனைக்கும் அப்படித்தான். அதற்காக விட முடியுமா? எல்லாவற்றையும் அழிக்க வைத்தேன்.

“அண்ணி, ஒண்ணே ஒண்ணு விட்டுடுங்க. நான் தினம் பெயின்ட் டப்பா கழுவத்தான் போறேன்னு அம்மா நினைச்சிட்டிருக்காங்க. பேர்தான் வராது, பூனையாவது வரட்டுமே” என்று அவள் கெஞ்சினாள்.

“என் வேலை போனா யாரு பதில் சொல்றது?” என்றேன். அன்றிலிருந்து அவள் என்னுடன் பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில்கூட, “உப்பை எடுக்கச் சொல்லுண்ணா” என்று என் கணவரிடம்தான் சொல்வாள். உப்பு என் கையருகேதான் இருக்கும்.

முதல் காட்சிக்கு வீட்டோடு போனோம். எனக்கும் நாத்தனாருக்கும் நடுவில் மாமியார். எங்களுக்கு நேர் பின்னால் டைரக்டர்.

“இதுல எதுடி நீ வரைஞ்சது?” என்று மாமியார் படம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். நாத்தனார் பாப்கார்னைக் கொறித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பூனையை விட்டிருந்தால் குடியா முழுகிப் போயிருக்கும்? முழுகித்தான் போயிருக்கும், அதுதானே பிரச்சினை.

கடைசிக் காட்சி. ஊருக்குப் பின்னால் நீளமாக மலை. கேமரா மெல்லப் பின்வாங்கியது. அந்த மலையை நான் கட்டம் கட்டமாகப் பார்த்திருக்கிறேன். பாறை, பாறை, புல், பாறை. முழுசாக ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

“அடியே, நம்ம வீட்டுப் பூனை படுத்திருக்குடி!” என்று மாமியார் தியேட்டரே அதிரக் கத்தினார். இரண்டு சிகரங்கள். இடது சிகரம் பிளந்திருந்தது.

“பூனையா? எங்க?” என்றார் பின்னாலிருந்து டைரக்டர். கேமரா இன்னும் பின்வாங்கிக்கொண்டே இருந்தது.

“அது மலை சார்” என்றேன்.

“நான் பெத்தவ வரைஞ்சது எனக்குத் தெரியாதா?”

“மலைதான் அத்தை” என்று அவர் கையைப் பிடித்து அழுத்தினேன்.

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “மலைதான்” என்றார், அரை மனதாக.

நாத்தனார் மாமியாரைத் தாண்டிக் குனிந்து பாப்கார்னை என் பக்கம் நீட்டினாள்.

“அண்ணி,” என்றாள் மெதுவாக, “வால் இன்னும் வரல.”