சர் ஹியூ சாட்சி சொன்ன செவ்வாய்க்கிழமை

எழுநூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒருவரை, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், எங்கள் கின்டார்வி ஊர் மன்றத்துக்குக் கூட்டிவந்து சாட்சி சொல்ல வைத்தவன் நான். அதுவும் ஊற்றிய தேநீர் ஆறுவதற்குள்.

முப்பத்தெட்டு வருஷம் இந்த ஊருக்குத் தபால் கொடுத்தவன். ஒட்டிய உறையைத் தொட்டே உள்ளே இருப்பது பொய்யா மெய்யா என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் கடற்கரைக்கு இறங்கும் பாதையில் எஸ்டேட் துரை டால்கேர்ன் கதவு வைத்துப் பூட்டியதும் என் மூக்கு அரிக்க ஆரம்பித்தது. நடந்து போகிறவனைச் சட்டப்படி அவரால் தடுக்க முடியாது; படகை இழுத்துக்கொண்டு போகிறவனைத் தடுக்கலாமாம். என்னுடையதோடு சேர்த்துப் பதினொரு படகுகள் கதவுக்கு இந்தப் பக்கம் கவிழ்ந்து கிடந்தன. நண்டையும் சிங்கி இறாலையும் விட்டால் வேறு பிழைப்புத் தெரியாத வீடுகள் அதில் ஆறு.

துரை காட்டிய ஆதாரம், ஆட்டுத்தோலில் லத்தீனில் எழுதிய ஒரு சாசனம். 1319ஆம் ஆண்டு, பிப்ரவரியில் வரும் மெழுகுவர்த்தித் திருநாளன்று, அதுவரை ஊர்ப் பொதுவாக இருந்த கரையை, கின்டார்வியின் அன்றைய நிலக்கிழார் சர் ஹியூ, இந்த டால்கேர்ன் துரையின் முன்னோருக்குச் சும்மா எழுதிக்கொடுத்தாராம். அடியில் மூன்று மீன் பொறித்த ஹியூவின் மெழுகு முத்திரை தொங்கியது.

ஊர் மன்றத்தின் செயலாளர் நெட்டா கத்ரி, நாற்பது வருஷம் பள்ளியில் லத்தீன் சொல்லிக்கொடுத்தவள். முத்திரை அசல் என்றாள். நான் நம்பவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க பஸ் பிடித்து எடின்பரோ ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். நாலாயிரம் ஏடு புரட்டினேன். நெட்டாவைக் கேட்டால் முப்பது என்பாள். அவளுக்குக் கற்பனை போதாது. எடுத்துவந்த படங்களை அவள் சமையலறையில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள்.

பதினோரு இடங்களில் ஹியூ அகப்பட்டார். முதலில் யாரோ ஒருவர் சாசனத்தில் சாட்சிகளின் கடைசிப் பெயர். பத்து வருஷத்தில் முதல் பெயர். ஆலைக்காக மடத்துத் துறவிகளோடு சண்டை. அவர்களுக்கு வருஷாவருஷம் தருவதாகச் சொன்ன மெழுகில் பாதியைத்தான் கொடுத்தார் என்று ஆயரிடம் புகார். பக்கத்து நிலத்துக்காரனின் பசுவை ஓட்டிக்கொண்டு போன வழக்கு.

"இந்த ஆளு செத்த எலியைக்கூட யாருக்கும் சும்மா குடுத்திருக்க மாட்டான், நெட்டா. கரையைக் குடுத்தானாம்."

"சாவு கிட்ட வந்ததும் மனசு இளகியிருக்கும்."

"எப்ப செத்தான்?"

"அதே 1319. நவம்பர்ல மார்ட்டின் திருநாளன்னிக்கு அவன் பொண்டாட்டி மடத்துக்கு ஒரு வயல் எழுதி வச்சிருக்கா. புருஷன் உங்க பீடத்துக்கு முன்னால அடக்கமாகியிருக்கார், விதவையா இருந்து தர்றேன்னு போட்டிருக்கா. பிப்ரவரில குடுத்தான், நவம்பர்ல போய்ச் சேர்ந்தான். சரியா இருக்கில்ல?"

சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்," என்றாள். "என் ஓட்ஸ் ரொட்டியையே திருப்பித் திருப்பிப் பார்க்கிற."

"அதுக்குக் காரணம் இருக்கு."

"இத பாரு டூகல். தபால் பெட்டி அளவுக்கு மீன் பிடிச்சேன்னு ஊரெல்லாம் சொன்னவன் நீ. உன் பேச்சை நம்பி மன்றத்துப் பேர்ல நான் ஒரு வரி எழுத மாட்டேன்."

"அப்ப ஹியூவையே கூட்டிட்டு வந்து சொல்ல வைக்கிறேன்."

"கூட்டிட்டு வா. வந்தவங்க பட்டியல்ல பேர் எழுதுறேன்."

செவ்வாய்க்கிழமை மன்றத்தில் வாக்கெடுப்பு. துரையின் சாசனத்தை ஊர் ஒப்புக்கொண்டால் கதவு அங்கேயே நிற்கும். காலையிலிருந்து நெட்டாவின் குறிப்புகளையே முறைத்துக்கொண்டிருந்தேன். பசு வழக்குக்கு ஏழாவது முறை வந்தபோதுதான் என் மூக்கு நிஜமாகவே சிவந்துபோனது.

மன்றத்தில் துரை மடிப்புக் கலையாத கம்பளிக் கோட்டோடு முன்வரிசையில் இருந்தார். கை தூக்கச் சொல்லும் நேரத்தில் நான் எழுந்தேன்.

"எனக்கு ஒரு மாட்டுச் சந்தேகம்."

"உக்காரு டூகல்," என்றாள் நெட்டா.

"பசுவை ஹியூ எப்ப ஓட்டிட்டுப் போனான்? படி."

அவள் பெருமூச்சோடு படித்தாள். "1312, மார்ட்டின் திருநாள்."

"நவம்பர். பசுவைத் திருப்பிக் குடுன்னு தீர்ப்பு?"

"1312, மெழுகுவர்த்தித் திரு..." நிறுத்தினாள்.

"பிப்ரவரி. அப்ப திருடறதுக்கு ஒன்பது மாசம் முன்னாலயே மாட்டைத் திருப்பிக் கட்டிட்டானா? இவ்வளவு யோக்கியனா அவன்?"

எல்லோரும் சிரித்தார்கள். நெட்டா சிரிக்கவில்லை. கழுத்திலிருந்து காதுவரை அவள் சிவந்ததை மொத்த மன்றமும் பார்த்தது.

"அந்தக் காலத்துல வருஷம் ஜனவரில பொறக்காது," என்றாள் மெதுவாக. "மார்ச் இருபத்தஞ்சுலதான் பொறக்கும். நாப்பது வருஷம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். பிப்ரவரின்னா வருஷக் கடைசி."

"அப்ப 1319ல நவம்பர் முதல்ல. பிப்ரவரி அப்புறம். கரையை எழுதிக் குடுத்தப்ப ஹியூ எங்க இருந்தாரு?"

"மடத்துல. பீடத்துக்கு முன்னால." சாசனத்தைத் தூரத் தள்ளினாள். "செத்துப் பன்னிரண்டு வாரமாவது ஆகியிருக்கும். அவர் முத்திரையை வேற யாரோ எடுத்து அழுத்தியிருக்காங்க."

துரை தொண்டையைக் கனைத்தார். "எழுதினவர் தேதியைத் தப்பாப் போட்டிருக்கலாம்."

"இருக்கலாம் துரை. சாட்சி யாரெல்லாம், நெட்டா?"

"மூணு பேரு." அவள் துரையைப் பார்க்காமல் படித்தாள். "மூணு பேரும் கரையை எழுதி வாங்கினவரோட கூடப்பிறந்த தம்பிங்க."

துரை தொப்பியை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் பேசுவதாகச் சொல்லிக் கிளம்பினார். சாசனத்தை ஒப்புக்கொள்ள ஒரு கைகூட எழவில்லை. துரைக்கு அனுப்பும் கடிதத்தை நெட்டா அங்கேயே எழுதி, மன்றத்தின் பெயரில் கையெழுத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமை கதவில் பூட்டு இல்லை. பதினொரு படகும் ஒரே அலையில் கடலுக்குள் பாய்ந்தன என்று நான் சொன்னால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது நெட்டா குறிப்பேட்டில் வந்தவர்கள் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். என் பெயர் கடைசி. முதல் பெயர், கின்டார்வி சர் ஹியூ.

"இது அரசாங்கத்துக்குப் போற ஏடு, நெட்டா," என்றேன். "பொய் எழுதக் கூடாது."

அவள் மை உலர ஊதினாள்.

"பொய் இல்லை. வந்தாரு. நானே பார்த்தேன்."