இருவருக்கு ஒரு ஹெல்மெட்

அந்த வருஷத்துக் கடைசிக் காப்பிக் கொட்டையை மாதம்மாள் மரப்பலகையால் தள்ளித் தள்ளிக் குவித்துக்கொண்டிருந்தாள். பனிமூட்டமாக மஞ்சு இறங்குவதற்குள் அள்ளிச் சாக்கில் கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் பகலெல்லாம் காய்ந்தது ராத்திரியில் ஈரம் குடித்துவிடும். களத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தைக் கூட வேலை செய்த பெண்கள் சீசன் முழுக்கச் சும்மாவே விட்டிருந்தார்கள். அங்கே கொட்டை பரப்ப யாருக்கும் கை வரவில்லை. "பரப்புங்க புள்ளைங்களா, சிமிட்டி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று மாதம்மாளே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ஒருத்தியும் கேட்கவில்லை.

போன சித்திரையில் அவளுடைய மூத்த மகன் யுவராஜ் விழுந்த இடம் அது.

மஞ்சக்குட்டைப் பக்கத்து அந்த எஸ்டேட்டில் சமதரை என்றால் இந்தச் சிமெண்ட் களம் ஒன்றுதான். மற்றதெல்லாம் ஏற்றம், இறக்கம், செடி. சீசனில் இங்கே காப்பி காயும். அது முடிந்தால் கிரிக்கெட். ஆடுவதும் ரப்பர் பந்தில் அல்ல, கார்க் பந்தில். சிமெண்ட்டில் பட்டால் கல்லைப் போல எகிறும். முதலாளிக்கு விளையாட்டென்றால் உயிர். மிளகு பறிக்க ஏறிய மாதம்மாளின் கணவர் மாதையன் சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தபோது, அவருடைய பர்மனென்ட் வேலை மகனுக்கு வந்ததற்குக் காரணம் யுவராஜின் மட்டைதான். வேலையோடு, எஸ்டேட் ஆட்களுக்குக் கொடுக்கிற லைன் வீடும் கைவிட்டுப் போகாமல் நின்றது. எஸ்டேட்டே அவனை மெச்சிற்று. மாதம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை.

டீமுக்கு ஹெல்மெட் ஒன்றுதான். பந்தை எதிர்கொள்கிறவன் போட்டுக்கொள்வான்; ஒரு ரன் ஓடி இடம் மாறினால் களத்து நடுவில் நின்று அதைக் கழற்றி மற்றவனிடம் கொடுப்பான். அங்கே எப்போதும் அப்படித்தான். அன்றைக்குக் கடைசி ஓவரில் மஞ்சு களத்து விளிம்புக்கே வந்துவிட்டது. "வெரசா ஆடுங்கடா, பந்து தெரியாமப் போயிரும்!" என்று நாலு பக்கமும் சத்தம். ஒரு ரன் ஓடி முடித்த கூட்டாளி ஜாபெஸ் ஹெல்மெட்டின் வாரை அவிழ்க்கப் போனான். யுவராஜ் வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டு, வெறுந்தலையோடு மட்டையை ஊன்றி நின்றான். கூட்டம் கைதட்டியது. மாதம்மாளும்தான் தட்டினாள். எதிர்த்து ஆடிய கடைவீதி டீமின் நவாஸ் போட்ட பந்து எகிறி அவன் காதுக்குப் பின்னால் பட்டது. சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், மலை இறங்கி முடிப்பதற்கு முன்பே உயிர் போய்விட்டது.

சாவு வீட்டுக்கு வந்த நவாஸ் உள்ளே வரத் தைரியமில்லாமல் காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்றான். "அந்தக் கை அழுவிப் போவோணும்" என்று அவள் அவன் காதுபடவே சபித்தாள். அதற்குப் பிறகு அவன் பந்தைத் தொடவில்லை என்று கேள்வி. கொட்டிய கொட்டையை அள்ளலாம், கொட்டிய சொல்லை அள்ள முடியுமா? முடியுமென்றால் அவள் அதைத்தான் முதலில் அள்ளியிருப்பாள்.

விளையாட்டில் போன உயிருக்கு எஸ்டேட் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். பழம் பறிக்க ஆள் வேண்டியிருந்ததால், சீசன் முடிகிறவரை வீட்டை மட்டும் காலி செய்யச் சொல்லவில்லை. இப்போது களத்தில் இருப்பது கடைசிக் குவியல். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் லூர்துராஜ் மேட்டிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்ததுமே மாதம்மாள் பலகையைக் கீழே வைத்தாள்.

"மாதம்மாக்கா, மொதலாளி ஒரு சேதி சொல்லச் சொன்னாங்க."

"சொல்லுங்க ரைட்டருங்க."

"சித்திரையில யுவராஜ் பேர்ல நெனவுக் கோப்பை நடத்தறாங்க. உங்க சின்னவனும் நல்லா ஆடுவானாமே? டீமுல ஆடுனா அண்ணன் வேலைய அவனுக்கே போட்டுர்றேன்னாங்க. ஊடும் உங்களுக்கே இருக்கும்."

"ஆடலீனா?"

லூர்துராஜ் சாக்கு மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வாழவந்தியில ஒரு பையன் நல்லா அடிக்கறானாம். அவனக் கூட்டியாந்து வேலையும் ஊடும் குடுக்கறதாப் பேச்சு."

சின்னவன் சேர்வராயன் சேலத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் இருந்தான். சேதி கேட்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தான். மலைச்சாமி பேரை வைத்ததாலோ என்னவோ, அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் என்பது கிடையாது.

"நா ஆடறேம்மா. அண்ணன் நின்ன எடத்துல நா நிக்கறேன்."

"நின்ன எடத்துலதான உளுந்தான், அதையுஞ் சொல்லு."

"எல்லாத்துக்குமா படுது? ரோட்டுல போறவனுந்தா அடிபட்டுச் சாவறான்."

"ரோட்டுல போறவனுக்கு நா கை தட்டலையே சாமி."

கட்டிலில் படுத்திருந்த மாதையன் குறுக்கிட்டார். "ஏம்புள்ள, இந்த ஊட்ட உட்டுப்போட்டு எங்க போறது? எந்திரிச்சு நிக்க முடியாதவன எங்கீன்னு தூக்கிக்கிட்டு அலைவே?"

அவர் கேட்டதில் தப்பில்லை. சேலத்தில் சின்னவன் இருப்பது நாலு பேர் நெருக்கிப் படுக்கிற அறை. இங்கே என்ன இருந்தாலும் தலைக்குமேல் ஓடு இருக்கிறது, வாசலில் குழாய் இருக்கிறது. ஆடினால் பிள்ளைக்கு ஆபத்து, ஆடாவிட்டால் கிடக்கிற மனிதருக்கு இடமில்லை. மாதம்மாள் அன்று சோறு வடிக்க மறந்து குழைய விட்டாள். விடிந்ததும் எஸ்டேட் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள்.

"ரைட்டருங்க, பையன் ஆடட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் மொதலாளிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. இன்னொரு ஹெல்மெட்டு வாங்கிக் குடுப்பாங்களா? ஆளுக்கொண்ணு போட்டுக்கட்டும். வேற எதும் நாங் கேக்கலீங்க."

"இதென்னக்கா பெரிய விசியம், நா கேக்கறேன்" என்றார் லூர்துராஜ். மனசாரத்தான் சொன்னார்.

அந்த வாரத்திலேயே கோப்பை வந்து இறங்கியது. இடுப்பு உயரம், இரண்டு ஆள் பிடித்து வேனிலிருந்து இறக்கினார்கள். பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தார்கள். அடியில் யுவராஜின் பெயர் பொறித்திருந்தது. மாதம்மாள் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது லூர்துராஜ் அவளை ஒதுக்கமாகக் கூப்பிட்டார்.

"கேட்டேங்க்கா. கோப்பை, பேனரு, சாப்பாடுன்னு நொம்ப இழுத்துருச்சாம். 'ஒண்ணு இருக்குதில்ல, மாத்தி மாத்திப் போட்டுக்கட்டும், அடுத்த வருசம் பாத்துக்கலாம்'னுட்டாங்க."

மாதம்மாளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "யானைய வாங்குனவன் அங்குசம் வாங்கக் கணக்குப் பாத்தானாம். அப்ப எம்பையன் ஆட மாட்டானுங்க."

"அவசரப்படாதீங்கக்கா. ஊட்ட நெனச்சுப் பாருங்க."

"அன்னிக்குத்தானுங்க எல்லாரும் அவசரப்பட்டோம்."

சேர்வராயன் போனில் கத்தினான். வேலையைக் கெடுத்துவிட்டாயே என்றான். இரண்டு நாள் அவள் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவனே கூப்பிட்டு, அஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை பார்த்திருப்பதாகவும் அப்பாவுக்கு வெக்கைதான் தாங்காது என்றும் சொன்னான். மாதையன் குளிருக்கே பழகிய உடம்பு. அவள் போனை வைத்துவிட்டுப் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள்.

நினைவுக் கோப்பை நடக்கும் அன்று வீடு காலியாக வேண்டும் என்று உத்தரவு. ஆட்டம் முடிந்த கையோடு வாழவந்திப் பையன் சாமானோடு வந்துவிடுவான். எஸ்டேட் டிராக்டர் களத்துக்கு நாற்காலி ஏற்றிக்கொண்டிருந்தது. மலைமேல் ஓடுகிற ஜீப்பெல்லாம் மேட்சுக்கு ஆள் கொண்டுவரப் போய்விட்டன. மூட்டைகளை வாசலில் அடுக்கிவிட்டு அம்மாவும் மகனும் செய்வதறியாமல் உட்கார்ந்திருந்தபோது, ஒரு ஜீப் ஏறி வந்தது. நவாஸ் இறங்கினான். அப்பா அப்துல் காதரின் மளிகைக் கடைக்குச் சரக்கு ஏற்றும் வண்டி அது. அவன் படியேறாமல் கீழேயே நின்றான்.

"ஏனுங்கம்மா, ரைட்டரு சொன்னாருங்க. நா வரலாமுங்களா?"

ஆள் பாதியாக இளைத்திருந்தான். வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தான். ஒரு வருஷமாக இவன் அந்தக் கையால் எப்படிச் சோறு தின்றானோ!

"மேல வா கண்ணு. கட்டில ஒரு பக்கம் புடி. அந்தக் கையாலயே புடி."

அவன் அழுதுகொண்டே பிடித்தான். சேர்வராயன் மறுபக்கம் பிடித்தான். வாசலுக்குக் கொண்டுவந்து, மாதையனை மெத்தையோடு தூக்கி ஜீப்பின் பின்னால் படுக்க வைத்துவிட்டு, கட்டிலைக் கவிழ்த்து மேலே போட்டார்கள்.

வெறும் வீடாக விட்டுப் போகக் கூடாது என்று மாதம்மாள் ஒரு குடம் தண்ணீர் பிடித்து அடுப்படியில் வைத்தாள். ஒரு கை கல் உப்பும் வைத்தாள். வருகிறவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள். சாவியைப் பக்கத்து வீட்டு மலரிடம் கொடுத்தாள். "அந்தப் பையங்கிட்டச் சொல்லீரு மலரு. எத்தனை பேரு கத்துனாலுஞ் செரி, ஹெல்மெட்ட மாத்தாம நிக்க வேண்டாம்னு."

"சொல்றங்க்கா" என்று மலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கீழே போக ஒரே பாதை. அது களத்தை ஒட்டித்தான் போகிறது. கூட்டம் களத்தில் கொள்ளாமல் பாதை வரைக்கும் நின்றது. கொட்டச்சேட்டிலிருந்து, டவுனிலிருந்து, எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். மரத்துக்கு மரம் கட்டிய பேனரில் யுவராஜ் மட்டையைத் தோளில் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நவாஸ் ஹாரன் அடிக்கக் கையைக் கொண்டுபோனவன், அடிக்காமல் அப்படியே நிறுத்தினான். மைக்கில் குரல் வந்தது.

"மறைந்த நமது வீரர் யுவராஜ் அவர்களுக்காக, அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்."

நாற்காலிகள் நகர்ந்தன. அத்தனை தலைகளும் ஒன்றாகக் கவிழ்ந்தன. பாதைப் பக்கம் ஜீப்பிலிருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வரிசை வரிசையாக முதுகுகள்தான். பழைய எஞ்சின் மட்டும் கடகடவென்று இரைந்தது. கடைசி வரிசையில் வெள்ளைத் தொப்பி போட்ட வெளியூர்க்காரன் ஒருவன் திரும்பினான். கவிழ்த்துப் போட்ட கட்டிலையும் பாத்திர மூட்டையையும் கிழவரையும் ஒரு பார்வை பார்த்தான். முகத்தைச் சுளித்து, உதட்டில் விரலை வைத்தான்.

"வண்டிய அணைங்கய்யா. ஒரு செத்த பையனுக்கு மரியாத குடுக்கத் தெரியாதா?"

நவாஸ் சாவியைத் திருப்பினான். எஞ்சின் உதறி நின்றதில் மாதம்மாளின் மடியிலிருந்த அண்டாவின் மூடி கிணுகிணுவென்று ஆடியது. சத்தம் வராமல் அதை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவளும் தலையைக் குனிந்தாள்.