குடைக்காரியின் முகம்

எண்ணெய் வண்ண ஓவியம் பழக ஆசைப்பட்டவன் கணவன்தான். கட்டுமான நிறுவனம் ஒன்றில் வரைபடம் போட்டே தலை நரைத்தவன். அவன் கோடு பிசகாது. மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. சனிக்கிழமை வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வது என்று அவனுக்குத் துணையாக ஓவிய வகுப்பில் சேர்ந்தாள்.

வகுப்பில் எல்லோருக்கும் ஒரே படம், உருவத்தைவிட வெளிச்சத்தைப் பிடிக்கும் இம்ப்ரஷனிச பாணியில் அமைந்த பழைய ஓவியம் ஒன்றின் அச்சு. ஆற்றங்கரை வெயிலில், மரத்தடியில் நான்கைந்து பேர். நடுவில் வெள்ளை உடுப்பில் குடை பிடித்த ஒருத்தி. அதைப் பார்த்துத் தீட்ட வேண்டும். அவன் கட்டம் போட்டு, அளவெடுத்து, விரல் விரலாக வரைந்தான். அவளோ கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளிச்சம் எங்கே விழுகிறது என்று மட்டும் பார்த்தாள். அவள் தீட்டிய குடைக்காரிக்கு மூக்கும் இல்லை, வாயும் இல்லை, மூன்றே தீற்றல். ஆனாலும் யாரையோ பார்த்து அந்தக் குடைக்காரி சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

ஆசிரியை அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றாள். பிறகு அவனுடையதைப் பார்த்து, "உங்க ஆளுங்க எல்லாம் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிக்கிற மாதிரி இருக்காங்க சார்" என்றாள். வகுப்பே சிரித்தது. மனைவியும் சிரித்தாள்.

அன்று ஈரப் படங்களைக் காயவைக்கும் அலமாரித் தட்டில் அடுக்கி வைக்கும் வேலையை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். மற்றவர்கள் கீழே போயிருந்தார்கள். அவன் கட்டைவிரல் மனைவி தீட்டிய குடைக்காரியின் முகத்தில் பதிந்து, லேசாக இழுத்தது. வண்ணம் வெண்ணெய் போல நகர்ந்தது. விரலைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தான்.

அடுத்த வாரம் படத்தைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது. யாரையும் சந்தேகப்படவில்லை. தன் கைதான் பட்டிருக்கும், தனக்கு எப்போதும் அவசரம் என்று ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டாள். அவன் பக்கத்தில் நின்று தூரிகையை அலசிக்கொண்டிருந்தான், அலசியதையே அலசினான். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல வாய் திறக்க முடியவில்லை.

அவள் கத்தியால் சுரண்டிவிட்டு மறுபடி தீட்டினாள். சிரிப்பு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வீடு திரும்பும் வழியில், முதலில் அமைந்தது குருட்டு அதிர்ஷ்டம், இதெல்லாம் தனக்குச் சரிப்படாது என்றாள். இப்போது கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதுகூடத் தன் கையை நம்ப முடியவில்லை, திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதாகவும் சொன்னாள்.

அன்று இரவு அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தான்.

"உன் கை இல்ல. நான்தான்."

அவள் நிமிர்ந்தாள். "தெரியாம பட்டுடுச்சா?"

தப்பித்துக்கொள்ள அவளே வழி விட்டிருந்தாள். "ஆமா" என்பது நாக்கு நுனி வரை வந்தது.

"இல்ல. தெரிஞ்சுதான் விரலை வச்சேன்."

கையிலிருந்த சட்டையை அவள் மடித்து முடித்தாள். அவனுடைய சட்டை.

"என் கையை நானே திட்டிட்டு இருந்தேன். நீங்க பக்கத்துலயேதான் இருந்தீங்க" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை அவனை எழுப்பாமல் கிளம்பிப் போனாள். அதற்குப் பிறகும் தனியாகவே போனாள். குடைக்காரியை அப்படியே விட்டுவிட்டு வேறொரு படம் தொடங்கியிருப்பதாக ஆசிரியை மூலம் கேள்விப்பட்டான், நன்றாக வருகிறதாம். அவன் கேட்கவில்லை, அவள் காட்டவும் இல்லை. வீட்டில் கேஸ் தீர்ந்தது, குழாய் ஒழுகுகிறது என்ற அளவில் பேச்சு ஓடியது. சனிக்கிழமைகளில் அவன் வீட்டைப் பெருக்கித் துடைத்து, பாத்திரம் கழுவி வைத்தான். அவள் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பல வாரம் கழித்து ஒரு நாள் அவள் ஒரு மரச்சட்டத்தையும் கான்வாஸ் துணியையும் கொண்டுவந்து அவன் முன் வைத்தாள்.

"இதை இழுத்து அடிச்சுத் தாங்க. மூலை கோணக் கூடாது."

மன்னித்துவிட்டாளா, வேலை மட்டும் சொல்கிறாளா என்று கேட்க அவனுக்குத் துணிவு வரவில்லை. துணியைத் தரையில் விரித்து, அதன்மேல் சட்டத்தை வைத்து, பின்பக்கமாக இழுத்து ஆணி அடித்தான். முடித்ததும் இரு ஓரங்களையும் பிடித்துத் தூக்கினான். வெறும் வெள்ளையாக இருந்த முன்பக்கத்தில் விரல் பட்டுவிடாமல் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தான்.